அன்பளிப்பு டம்ளரும் ஆன்ட்டிம்மாவும்

வாசகர் கேள்வி - பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு நடுவுல, என் பொண்ண வளர்த்த கிரெஷ் ஆன்ட்டி இறந்துட்டாங்கன்னு நாலு வரி எழுதியிருந்தேன். சென்னை ஆதம்பாக்கத்துல சொந்த வீட்டு ஹால்லயே இருபது வருஷத்துக்கு மேல கிரெஷ் நடத்துனவங்க, அங்க வளந்த பசங்க எல்லாருக்கும் ஆன்ட்டிம்மா. பேர் போட வேணாம்னு வீட்டுக்காரங்க சொன்னதால இங்கயும் ஆன்ட்டிம்மா தான். அந்த நாலு வரிக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் பாத்தா ஊர்ல பாதி பேர யாரோ ஒரு ஆன்ட்டி தான் வளர்த்திருக்காங்க போல இருக்கு. அதனால இந்த தடவ சினிமா கேள்வி, அரசியல் கேள்வி எல்லாத்துக்கும் லீவு.

மதுரையிலேந்து ஒரு வாசகர்: காசு வாங்கிட்டு தானே பாத்துக்கிட்டாங்க? சொந்தக்காரங்க போன மாதிரி உருகி எழுதறீங்களே, கொஞ்சம் ஓவரா இல்ல?

சரி, காசு கணக்கே பேசுவோம். என் பொண்ணு பொறந்தது 2014. அப்ப மகப்பேறு லீவு 12 வாரம் தான், 1961 சட்டத்துல போட்டது, அத 26 வாரமா ஆக்குனது 2017 ஏப்ரல்ல. என் பொண்ணு மூணு வருஷம் முந்திக்கிட்டா. அதனால கழுத்து கூட சரியா நிக்காத குழந்தைய ஒரு திங்கக்கிழம காலைல 8 மணிக்கு அவங்க கைல குடுத்துட்டு ஆபீஸுக்குப் போனேன். சாயங்காலம் 7 மணிக்கு தான் வருவேன். மாசம் 3,500 ரூபா. ஞாயித்துக்கிழம போக 26 நாள், ஒரு நாளைக்கு 11 மணி நேரம், வகுத்துப் பாத்தா மணிக்கு 12 ரூபா சில்லற. ஒரு டீ ஒரு வடை காசு. அதுக்கு பால் காச்சிக் குடுத்து, துணி மாத்தி, ஆய் கழுவி, சோறு பெசஞ்சு ஊட்டி, தூங்க வச்சு.

நாட்டு வழக்கமே இப்படித்தான் சார். அங்கன்வாடி திட்டம் ஆரம்பிச்சது 1975 அக்டோபர் 2, இன்னிக்கும் அந்த ஊழியர்களுக்கு மத்திய அரசு தர்றதுக்கு பேர் சம்பளம் இல்ல, மதிப்பூதியம். அவங்களுக்கும் கிராஜுவிட்டி, அதாவது வேலைய விட்டுப் போறப்ப தர்ற பணிக்கொடை, உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொல்றதுக்கு 2022 ஆகிடுச்சு. வீட்ல கிரெஷ் நடத்தறவங்களுக்கு அதுவும் கெடையாது.

இன்னொன்னும் சொல்லிடறேன், நீங்க கேட்டதால தான். 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிச்சாங்கல்ல, மறுநாள்லேந்து கிரெஷ் மூடிட்டாங்க. பொண்ணு அப்ப ஸ்கூல் விட்டு சாயங்காலம் மட்டும் அங்க போவா. ஏப்ரலுக்கு முழு ஃபீஸ் அனுப்புனேன், மே மாசம் பாதி, ஜூன்ல நிறுத்திட்டேன். எங்க வீட்ல சம்பளம் ஒண்ணும் குறையல, சும்மா நிறுத்துனேன். அவங்க ஒரு வார்த்த கேக்கல. ஜூன் கடைசில ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, ஐயோ ஃபீஸ் கேக்கப் போறாங்கன்னு நெனச்சுட்டே தொறந்தேன், "ஏம்மா, பாப்பா தயிர் சாதம் சாப்புட்றாளா, மாதுளம்பழம் போட்டா தான் எறங்கும் அவளுக்கு, போட்றியா"ன்னு கேட்டிருந்தாங்க. மாதுளம்பழ விஷயம் எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஓவரா எழுதறேனான்னு இப்ப நீங்களே சொல்லுங்க.

நங்கநல்லூர்லேந்து ஒரு வாசகி: அவங்க எப்படி இத ஆரம்பிச்சாங்க? முழுசா எழுதுங்களேன்.

பெருசா திட்டம் போட்டெல்லாம் இல்ல. பத்தாவது வரைக்கும் படிச்சவங்க, வீட்ல ஜாக்கெட் தச்சுக்கிட்டு இருந்தாங்க. எதுத்த வீட்ல பேங்க்ல வேல பாக்கற ஒரு அம்மா, அவங்க மாமியார் திடீர்னு ஊருக்குப் போயிட்டாங்க, ரெண்டு நாளைக்கு மட்டும் குழந்தைய பாத்துக்கோங்கன்னு விட்டாங்களாம். அந்த ரெண்டு நாள் நாலு வருஷம் ஆச்சு. ஆரம்பிச்சது 1999. அடுத்த வருஷம் தரமணில டைடல் பார்க்னு பெரிய ஐடி கட்டடம் தொறந்தாங்க, அப்புறம் ஓஎம்ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் ரோடு பக்கம் ஒவ்வொண்ணா கம்பெனி வந்துச்சு, வேளச்சேரி ஆதம்பாக்கம் மடிப்பாக்கம் பூரா கல்யாணம் ஆகி புதுசா குடி வந்த ஜோடிங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, பாட்டி தாத்தா எல்லாம் திருநெல்வேலிலயும் தஞ்சாவூர்லயும். தையல் மெஷின நகத்தி ரூம்ல போட்டுட்டு ஹால் சீலிங்ல நாலு கொக்கி அடிச்சாங்க. நாலு தூளி. போர்டு வைக்கல, நோட்டீஸ் அடிக்கல.

அவங்க கிட்ட சேக்கறப்ப ரெண்டு பொருள் கொண்டு வரச் சொல்லுவாங்க. ஒண்ணு, அம்மா கட்டுன காட்டன் புடவை, துவைக்காம. "துவைச்சுட்டு கொண்டு வராத, உன் வாசன போயிடும், அப்புறம் நான் தான் நாள் பூரா ஆட்டணும்"னு முகத்துக்கு நேரா சொல்லுவாங்க. நான் கூச்சப்பட்டுட்டு துவைச்சு அயர்ன் பண்ணிக் கொண்டு போனேன், திருப்பி அனுப்பிட்டாங்க. முந்தின நாள் கட்டி கசங்கிப்போன புடவைய கொண்டு போனதும் தான் வாங்கிக்கிட்டாங்க, அத எடுத்து மோந்து வேற பாத்தாங்க! அந்த புடவைல என் பொண்ணு ரெண்டு மணி நேரம் தூங்குனா, வீட்ல எங்கிட்ட அரை மணி நேரம் தூங்க மாட்டா.

இன்னொண்ணு, பேர் வெட்டுன எவர்சில்வர் டம்ளர். ஒருத்தர் எச்சி ஒருத்தர் குடிக்கக் கூடாதுன்னு. பேர் வெட்டறதுக்குன்னு யார் கடைக்குப் போறா, வீட்ல கல்யாணத்துக்கு வந்த டம்ளர்ல ஏற்கனவே ஏதாவது ஒரு பேர் இருக்கும்ல, அத எடுத்துட்டு வந்துடுவாங்க. ஒரு குழந்தைக்கு அவ பெரியப்பா பேர், ஒரு குழந்தைக்கு ஏதோ சீட்டுக்கம்பெனி பேர். ஒரு பையன் டம்ளர்ல வெறும் "அன்பளிப்பு"ன்னு மட்டும் இருந்துச்சு. ஆன்ட்டிம்மா அவன அன்பளிப்புன்னு தான் கூப்புடுவாங்க. டேய் அன்பளிப்பு, மூக்க துடைடா. அவன் ஸ்கூல் சேர்ற வரைக்கும் அதான் தன் பேர்னு நெனச்சுட்டு இருந்தான், ஸ்கூல் அட்மிஷன்ல மேடம் உன் பேர் என்ன கண்ணான்னு கேட்டப்ப அன்பளிப்புன்னு சொல்லி அப்பா அம்மா மானத்த வாங்கிட்டான்.

திருச்சியிலேந்து ஒரு வாசகி: என் பையன் கிரெஷ் ஆன்ட்டிய அம்மாங்கறான். என்னைய பேர் சொல்லிக் கூப்புட்றான். உங்களுக்கு இப்படி நடந்துச்சா? எப்படி எடுத்துக்கிட்டீங்க?

நடந்துச்சு. பாத்ரூம்ல போய் அழுதேன். அவங்க கிட்ட போய் சொன்னப்ப சிரிச்சாங்க, "எனக்கு ஒம்போது பேர் அம்மாங்கறாங்க, ஒருத்தன் கூட ராத்திரி 7 மணிக்கு மேல எங்கிட்ட இருக்க மாட்டேங்கறான்"னு சொன்னாங்க. சரியாயிடும்மா, உங்க பேரையாவது சரியா சொல்றான்ல.

சைதாப்பேட்டையிலேந்து ஒரு வாசகர்: 2015 வெள்ளத்தப்ப குழந்தைங்க அங்க மாட்டிக்கிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. என்ன ஆச்சு?

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழம. காலைலேந்தே விடாம மழ, ஆனா நவம்பர் பூரா மழைய பாத்துட்டோமேன்னு எல்லாரும் வேலைக்குப் போயிட்டோம். அந்த 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கம் ஏரிலேந்து நொடிக்கு 29,000 கனஅடி வரைக்கும் தண்ணி தொறந்து அடையாத்துல போச்சு, இதெல்லாம் பின்னாடி பேப்பர்ல படிச்சது. அன்னிக்கு எங்களுக்குத் தெரிஞ்சது கரண்ட் இல்ல, போன் டவர் இல்ல, அவ்ளோ தான். நான் கிண்டில ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். ஆதம்பாக்கத்துக்கு நடந்தா ஒரு மணி நேரம் கூட ஆகாது, அந்த ராத்திரி இடுப்பளவு தண்ணில போக விடமாட்டேன்னு செக்யூரிட்டி கதவ பூட்டிட்டாரு.

அங்க ஏழு குழந்தைங்க. ஆறு மணிக்கு வாசப்படி தாண்டி தண்ணி உள்ள வந்துடுச்சு. ஆன்ட்டிம்மா முதல்ல கேஸ் சிலிண்டர தான் மாடி வீட்டுக்கு ஏத்துனாங்களாம், அப்புறம் தான் குழந்தைங்கள. ஏன் ஆன்ட்டின்னு கேட்டதுக்கு, குழந்தைங்க மெதக்கறதுக்குள்ள தூக்கிடலாம், சிலிண்டர் நனைஞ்சா ராத்திரிக்கு எத வச்சு பால் காச்சறதுன்னாங்க. அன்பளிப்புக்கு அப்ப ஒம்போது வயசு, ஸ்கூல் லீவுன்னு அங்க இருந்தவன். அவன் தான் டார்ச்ச புடிச்சுக்கிட்டு படியில நின்னானாம். மாடி வீட்டு அம்மா ரவைய வறுத்து கஞ்சி காச்சியிருக்காங்க, இருந்த ரெண்டு பால் பாக்கெட்ட தண்ணி ஊத்தி ஊத்தி மறுநாள் வரைக்கும் ஓட்டியிருக்காங்க.

நான் போய் சேந்தது புதன்கிழம மத்தியானம். பொண்ணு என்ன பாத்து சிரிச்சா, நான் தான் ஓன்னு அழுதேன். வீட்டுக்கு தூக்கிட்டு வந்து சட்டைய கழட்டுனா, வயித்துல கருப்பு மார்க்கர்ல என் பேர், அவ அப்பா பேர், எங்க ரெண்டு பேர் போன் நம்பர், கீழ "ஓ பாசிட்டிவ்"னு ரத்த குரூப். ஏழு குழந்தைங்களுக்கும் இப்படி எழுதியிருக்காங்க, ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல, ஒவ்வொருத்தர் வீட்டு நம்பரையும் நோட்ட பாத்து. போட் வந்து ஆளுக்கொரு பக்கமா தூக்கிட்டுப் போயிட்டா யார் குழந்த யார்னு எப்படித் தெரியும்னு ஒரு பயம். கைல எழுதியிருக்கலாமே ஆன்ட்டின்னேன். "கைல எழுதுனா சப்பி அழிச்சுடும்மா". அந்த மை போறதுக்கு நாலு நாள் ஆச்சு, நானும் தேங்கா எண்ண போட்டு தேச்செல்லாம் எடுக்கல.

கோவையிலேந்து ஒரு வாசகர்: செத்தவங்கள எல்லாரும் தெய்வமாக்கிடறோம். அவங்க கிட்ட ஒரு குறையுமே இல்லையா?

நெறைய. மத்தியானம் சீரியல் ஓடும், குழந்தைங்களும் உக்காந்து பாக்கும், என் பொண்ணு ஒன்றரை வயசுல ஒரு வில்லி மாதிரி ஒரு பக்கமா திரும்பி முறைக்க கத்துக்கிட்டா. போன் எடுக்க மாட்டாங்க. லேட்டா வந்தா வாசல்லயே வச்சு, எல்லார் முன்னாடியும் திட்டுவாங்க. பசங்களுக்கு ஒரு கரண்டி நெய் கூட, பொண்ணுங்களுக்கு கம்மி, இத நான் கண்ணால பாத்துருக்கேன், கேட்டதுக்கு இல்லவே இல்லன்னாங்க.

பெரிய சண்ட உரை மருந்துக்கு. வசம்பு, ஜாதிக்கா, கடுக்கா எல்லாம் உரசி நாலு மாசக் குழந்தைக்கு நாக்குல தடவி விட்டாங்க, எங்கிட்ட கேக்காம. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலத் தவிர தண்ணி கூட வேணாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, நான் போய் கத்திட்டேன். ரெண்டு நாள் மூஞ்சி குடுத்து பேசல. மூணாவது நாள் நோட்டுல என் பொண்ணு பேருக்கு எதுக்க செவப்பு மையில "மருந்து கூடாது, அம்மா திட்டுவா"ன்னு எழுதி வச்சிருந்தாங்க. தூளியும் அப்படித்தான், சின்ன குழந்தைய சமமான இடத்துல மல்லாக்க படுக்க வைக்கறது தான் பாதுகாப்புன்னு டாக்டருங்க சொல்றாங்க, அவங்க அத கடைசி வரைக்கும் ஒத்துக்கல. இதுல டாக்டர் கட்சி தான் நான். ஆனா தூளிய ஆட்டிக்கிட்டே தூங்கிப் போயிட்ட அவங்க காலும், அந்தக் கால் கட்டவிரல்ல கட்டியிருந்த கயிறும் இன்னும் கண்ணுலயே நிக்குது. கயித்தோட இன்னொரு முனை தூளில. அவங்க அசந்தாலும் கால் ஆடிட்டே இருக்கும்.

வேளச்சேரியிலேந்து ஒரு வாசகி: எங்க கிரெஷ் ஆன்ட்டியும் போன மாசம் தவறிட்டாங்க. நாலு வயசு பையன் தினமும் ஆன்ட்டி எங்கன்னு கேக்கறான். ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். தப்பா?

மனசு புரியுது, ஆனா அத மாத்திடுங்க. ஊருக்குப் போனவங்க திரும்பி வருவாங்கல்ல, அவன் காத்துட்டு இருப்பான், அப்புறம் நம்மகிட்ட சொல்லாம போயிட்டாங்கன்னு கோவம் வேற வரும். சாமி கூட்டிட்டுப் போச்சுன்னு சொன்னா அடுத்து என்ன கூட்டிட்டுப் போகுமான்னு பயப்படுவான். எல்லாத்தையும் விட மோசம் தூங்கிட்டாங்கன்னு சொல்றது. யோசிச்சுப் பாருங்க, அவன தினமும் மத்தியானம் தட்டித் தூங்க வச்சவங்களே அவங்க தான், அவங்களே தூங்கி எழுந்திருக்கலன்னா அவன் எப்படிக் கண்ண மூடுவான்?

ஆன்ட்டி செத்துட்டாங்க, அவங்க உடம்பு வேல செய்யறது நின்னுடுச்சு, வலிக்காது பசிக்காது, இனிமே வர மாட்டாங்க, நீ எதுவும் தப்பு பண்ணல. இவ்ளோ தான், நேரா. அந்த வயசுக்கு சாவுன்னா திரும்பி வராததுன்னு முழுசா புரியாது, அதனால நாளைக்கும் கேப்பான், நாளன்னிக்கும் கேப்பான். அதே பதிலயே சொல்லுங்க. நீங்க அழுதா மறைக்க வேணாம். அவங்க செஞ்ச ஏதாவது ஒண்ண அவனுக்கு செஞ்சு குடுங்க, எங்க வீட்ல அது மாதுளம்பழம் போட்ட தயிர் சாதம்.

சேலத்துலேந்து ஒரு வாசகி: ஆபீஸ்லயே கிரெஷ் இருக்கணும்னு சட்டம் இருக்காமே?

இருக்கு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்கற இடத்துல இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் குழந்தைய பாத்துட்டு வரலாம், 2017 திருத்தத்துல வந்தது. நான் கடைசியா வேல பாத்த ஆபீஸ்ல அதுக்குன்னு ரூம் இருந்துச்சு, உள்ள ஒடஞ்ச நாற்காலி அடுக்கி வச்சிருந்தாங்க.

தாம்பரத்துலேந்து ஒரு வாசகி: நானும் வீட்ல கிரெஷ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அவங்ககிட்டேந்து என்ன கத்துக்கலாம்?

முதல்ல நோட்டு. லாங் சைஸ் நோட்டுல குழந்தைக்கு ஒரு பக்கம், எத்தன மணிக்கு பால், எவ்ளோ, எப்ப தூங்குச்சு, ஆய் எத்தன தடவ, என்ன கலரு. சிரிக்காதீங்க, என் பொண்ணுக்கு மஞ்சக்காமாலைன்னு முதல்ல சந்தேகப்பட்டது அந்த நோட்டு தான். ரெண்டாவது, கூட ஒரு ஆள் இல்லாம மூணு கைக்குழந்தைக்கு மேல சேக்காதீங்க, தீ புடிச்சா ரெண்டு கைல எத்தன பேர தூக்க முடியும்னு அவங்க கேப்பாங்க. முழு வேர்க்கடல, முழு திராட்ச சின்ன பசங்களுக்குக் குடுக்கவே கூடாது, தொண்டைல அடைச்சுக்கும். ஒரு வயசுக்குள்ள தேன் ஒரு சொட்டு கூட ஆகாது. பிழிஞ்ச தாய்ப்பால் ஃப்ரிட்ஜ்ல 4 நாள் வரைக்கும் தாங்கும், வெளிய 25 டிகிரிக்குள்ள இருந்தா 4 மணி நேரம், நம்ம ஊர்ல 25 டிகிரி எந்த மாசம் இருக்குன்னு நீங்களே சொல்லுங்க, அதனால வந்த உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. தொண்டைல அடைச்சா என்ன செய்யணும்னு எங்கயாவது முதலுதவி பயிற்சில போய் கையால செஞ்சு பழகிக்கோங்க, வீடியோ பாத்தா பத்தாது. அப்புறம் லேட் ஃபீஸ் வாங்குங்க, கூச்சப்படாம. ஆன்ட்டிம்மா வாங்கல, திட்டோட விட்டுட்டாங்க, நாங்களும் திட்டு வாங்கிட்டு மறுநாளும் லேட்டா தான் போனோம்.

கும்பகோணத்துலேந்து ஒரு வாசகர்: கருமாதி பத்திரிகைல மகன், மருமகள், பேரன்னு சொந்தக்காரங்க பேர் தான் போடுவாங்க. உங்கள மாதிரி ஆளுங்க பேர் எங்க வரும்?

எங்கயும் வராது. போஸ்டர்லயும் வராது. நாங்க நாலஞ்சு அம்மாக்கள் சேந்து தனியா ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கலாம்னு போனோம், கடைக்காரர் கீழ யார் பேர் போடணும், உறவு என்னன்னு கேட்டாரு. ஒருத்தி கஸ்டமர்ஸ்னு போடலாமான்னா, இன்னொருத்தி அவள அடிக்கவே போயிட்டா. குழந்தைகளின் பெற்றோர்னு போட்டா யாரோட குழந்தைங்கன்னு இருக்கு. அரை மணி நேரம் நின்னோம். கடைசில கடைக்காரரே, நேரமாகுது மேடம், நான் போட்டுக்கறேன்னு "இவண்: தூளிப் பிள்ளைகள்"னு அடிச்சுட்டாரு, அவரு அந்த வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கறவரு, அவர் பொண்ணும் அங்க தான் வளந்தாளாம். பாதி காசு தான் வாங்குனாரு.

ஈரோட்டுலேந்து ஒரு கல்லூரி மாணவி: அந்த அன்பளிப்பு பையன் இப்ப எங்க இருக்கான்?

கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கறான், மீச எல்லாம் வச்சிருக்கான். பதினாறாம் நாள் காரியத்துக்கு ராத்திரி பஸ் புடிச்சு வந்தான். சமையக்கட்டுல அலமாரி மேல் தட்டுல அந்த டம்ளர் எல்லாம் அப்படியே வரிசையா கவுத்து வச்சிருந்தாங்க, முப்பது நாப்பது இருக்கும், போன பசங்க யாரும் கேட்டு வாங்கல, அவங்களும் யாருக்கும் குடுக்கல. ஆன்ட்டிம்மா பையன் அவனோடத தேடி எடுத்து அதுல காப்பி குடுத்தாரு. ரெண்டு மடக்குல காலி, அவ்ளோ சின்ன டம்ளர். எடுத்துட்டுப் போடா, உன்னோடது தானேன்னாரு. இவன் ஒண்ணும் பேசல, குழாயடில போய் நல்லா தேச்சு கழுவுனான், வேட்டி நுனில துடைச்சான், அதே தட்டுல அதே எடத்துல கவுத்து வச்சிட்டு, லேட்டாயிடுச்சு ஆன்ட்டி, பஸ் போயிடும்னு எங்கிட்ட சொல்லிட்டு ஓடிட்டான்.